கத்தியில் யாருடைய பெயர்?

‘பேனாக்கத்தி’யில் இருக்கும் பேனா நம் சட்டைப்பையில் இருக்கும் பேனா அல்ல. அது பறவையின் இறகு. லத்தீனில் இறகைக் குறித்த சொல்தான் உருமாறி நம்மிடம் பேனாவாக வந்து சேர்ந்திருக்கிறது. எழுத எழுத மழுங்கிப்போகும் இறகின் முனையைச் சீவிக்கொள்ள, எழுதுகிறவர்கள் ஒரு சின்னக் கத்தியைக் கையோடு வைத்திருந்தார்கள். பிறகு உலோக நிப்பு வந்தது, இறகு போனது. கத்தி மட்டும் பையிலேயே தங்கிவிட்டது.

இந்தக் கத்தி இப்போது மறுபடியும் பேச்சில் அடிபடுகிறது. ஜுருவில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் எங்கள் சிறு வட்டத்தில் இரண்டு மூன்று இளைஞர்கள் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “அண்ணே, பாரம்பரியமான, நல்லா செஞ்ச மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கணும். எந்த பிராண்டு எடுக்கலாம்?” ஒருவர் பிரெஞ்சுக் கத்தி என்கிறார். இன்னொருவருக்கு சுவிஸ். மூன்றாமவர் ஜப்பானியக் கத்தியைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன் என்கிறார். ஐம்பது அறுபது ரிங்கிட்டிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் விலை போகிறது.

அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். இது அதன் நீளமான வடிவம். கேள்வியில் இருந்த இரண்டு சொற்கள், ‘பாரம்பரியம்’, ‘பிராண்டு’, என்னை விடவில்லை. கத்தியின் மேல் ஒரு பெயரைப் பொறிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது, அந்தப் பெயர் எதற்குப் பொறுப்பேற்கிறது, நம் ஆட்கள் அந்தக் கதையில் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் பாரம்பரியக் கத்தி வாங்குவதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது.

லண்டனில் ஒரு பேனாக்கத்தி

1794இல் பம்பாயில் இருந்த ஹெலினஸ் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்குச் சில எஃகுக் கட்டிகளை அனுப்பினார். உள்ளூரில் அதை ‘வூட்ஸ்’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கன்னடத்தில் ‘உக்கு’, தமிழில் ‘உருக்கு’. இந்தச் சொல்தான் ஆங்கிலக் காதிலும் எழுத்திலும் திரிந்து வூட்ஸ் ஆனது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். தென்னிந்தியாவில் மண்குகைக்குள் இரும்பையும் மரத்துண்டு, இலை போன்ற கரிப்பொருளையும் வைத்து மூடி, பல மணி நேரம் உலையில் வைத்து எடுக்கும் எஃகு அது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வு, இந்தத் தொழிலின் வயதைச் சங்க காலம் வரை கொண்டுபோகிறது.

பேங்க்ஸ் அந்தக் கட்டிகளை ஜார்ஜ் பியர்சன் என்ற வேதியியல் அறிஞரிடம் ஆய்வுக்குக் கொடுத்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியிடம் ஒரு துண்டைக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னார். ஸ்டோடார்ட் அந்தத் துண்டில் செய்தது ஒரு பேனாக்கத்தி. இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் மங்கிய சிவப்புச் சூட்டில் அதை அடித்து உருவாக்கினார். மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு இணையாக அது வெட்டியது. 1795இல் வந்த பியர்சனின் கட்டுரையில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

ஸ்டோடார்ட் அதன்பின் வூட்ஸை விடவில்லை. ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தான் விரும்புவதாகத் தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார். பின்னாளில் மின்சாரத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் அவரும் சேர்ந்து, அந்த எஃகின் இரகசியத்தைப் பிடிக்க வேறு உலோகங்களைக் கலந்து கலந்து சோதித்தார்கள். கலப்பு எஃகு பற்றிய நவீன ஆராய்ச்சியின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வதுண்டு.

ஸ்காட், பேங்க்ஸ், பியர்சன், ஸ்டோடார்ட், ஃபாரடே. இந்தக் கதையில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. அந்தக் கட்டியை உருக்கியவருக்கு மட்டும் இல்லை. எந்த ஊர், எந்தப் பட்டறை என்பதும் இல்லை. நாம் அறிந்த அளவில் இந்திய எஃகில் செய்து ஆய்வுக்கட்டுரையில் ஏறிய ஒரு பேனாக்கத்தி வரலாற்றில் இருக்கிறது, அதன் எஃகுக்குச் சொந்தக்காரர் பெயரில்லாமல்.

முத்திரை என்பது பொறுப்பு

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பெயர் இல்லாமல் கத்தி விற்க முடியாது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அங்கே கத்தித் தொழிலாளர்களின் கழகம் ஒன்று உருவானது. ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கென்று ஓர் அடையாளத்தைப் பதிவுசெய்து, தான் செய்யும் கத்தியின் அலகில் அதை அடிக்க வேண்டும். அலகு உடைந்தாலோ, முனை மடங்கினாலோ, யார் செய்தது என்று நேரே போய்க் கேட்கலாம். பிராண்டு என்பதன் முதல் வேலை இதுதான். அழகுக்காக வைத்த பெயராக அது தொடங்கவில்லை. குற்றம் கண்டுபிடித்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கான முகவரியாகத் தொடங்கியது.

ஊர்க் கொல்லரிடம் அரிவாள் வாங்கும் ஆளுக்கு இந்த முத்திரை தேவைப்படவில்லை. கொல்லரைத் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும். அரிவாள் சரியில்லையென்றால் மறுநாள் காலையில் பட்டறைக்கு முன்னால் போய் நின்றுவிடலாம். முகம் தெரியாத ஆட்களுக்கு விற்க ஆரம்பித்தபோதுதான் முத்திரை வேண்டியிருந்தது. ஷெஃபீல்டின் ஜோசப் ரோஜர்ஸ் நிறுவனத்து நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பேரரசின் மூலை முடுக்கெல்லாம் போனது இப்படித்தான். கப்பல் போகும் இடமெல்லாம் கத்தியும் போனது, கூடவே முத்திரையும் போனது.

ஷெஃபீல்ட் கதைக்குள் ஒரு தமிழ்க் கடற்கரையும் இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். சேலத்து இரும்புத்தாதுவை வைத்து ஆங்கில முறையில் இரும்பு எடுப்பது திட்டம். வணிகமாக அது பெரிதாக நிற்கவில்லை. ஆனால் எஃகில் மாங்கனீஸ் என்ன செய்யும் என்பதை ஹீத் புரிந்துகொண்டார். 1839இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மாங்கனீஸ் சேர்த்தால் விலை உயர்ந்த சுவீடன் இரும்பை நம்பாமல் மலிவான உள்நாட்டு இரும்பிலும் நல்ல எஃகு செய்யலாம். ஷெஃபீல்ட் ஆலைகள் அந்த முறையைச் சட்டென்று எடுத்துக்கொண்டன. காப்புரிமைத் தொகையைத்தான் கொடுக்கவில்லை. கலக்கும் பொருளைச் சற்று மாற்றிப் போட்டு, இது வேறு முறை என்று வாதிட்டார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு வருமுன்பே ஹீத் இறந்துபோனார். தீர்ப்பும் அவருக்கு எதிராகவே முடிந்தது.

கம்பெனி அதிகாரியாக இருந்த ஓர் ஆங்கிலேயருக்கே இதுதான் கதி. பரங்கிப்பேட்டை உலைக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி என்ன சொல்ல! ஷெஃபீல்டின் முத்திரை அடித்தவருக்குப் பொறுப்பைக் கொடுத்தது, விற்றவருக்குப் புகழைக் கொடுத்தது. அதற்குள் கலந்திருந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லவில்லை.

பெயரைத் திருடலாம், பெயரை இழக்கலாம்

ஷெஃபீல்டுக்கும் திருட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் சிலர், மலிவான கத்திகளில் ‘ஷெஃபீல்ட்’ என்று அடித்து விற்றார்கள். கொதித்துப்போன பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டாக வேண்டும். ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற வாசகம் ஓர் அவமானச் சீட்டாகத்தான் ஆரம்பித்தது. ஜெர்மானியர்கள் தரத்தைக் கூட்டிக்கொண்டே போக, சில பத்தாண்டுகளில் அதே வாசகம் பெருமையாகிவிட்டது. 1938இல் சோலிங்கன் தன் பெயரைத் தானே சட்டத்தால் வேலி போட்டுக்கொண்டது. முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள் நடந்திருந்தால்தான் அலகில் அந்த ஊர்ப்பெயர் வரலாம்.

வேலி போடாத ஊருக்கு என்ன நடந்தது என்பதற்கு பிரான்சின் லாகியோல் கிராமம் உதாரணம். உள்ளூர்க்காரர்கள் ‘லாயோல்’ என்பார்கள். மாடு மேய்ப்பவர்களின் கத்தி அது. மெலிந்த வளைந்த பிடி, முதுகில் ஈ போலவோ தேனீ போலவோ ஓர் உருவம். ‘லாகியோல்’ என்பது கத்தியின் வகையைக் குறிக்கும் பெயராகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கத்தி செய்யலாம் என்ற நிலை வந்தது. 1993இல் வெளியூர்த் தொழில்முனைவர் ஒருவர் அந்தப் பெயரைப் பல பொருட்களுக்கு வணிகக் குறியாகப் பதிவுசெய்துகொண்டார். ஆசியாவில் செய்த பொருட்களிலும் அந்தப் பெயர் ஏறியது. வழக்கில் கிராமம் தோற்றபோது, 2012இல் ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயர்ப் பலகையையே கழற்றிப் போராடினார்கள். எங்கள் பெயர் எங்களுடையது இல்லையென்றால் பலகை எதற்கு?

அதனால் ‘லாகியோல்’ என்று மட்டும் பொறித்த கத்தியைக் கடையில் பார்த்தால் அது எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல லாகியோல் கத்திகள் இன்றும் வருகின்றன. ஆனால் அவற்றில் பட்டறையின் பெயரும் சேர்ந்திருக்கும். முகவரி இல்லாத பிராண்டு, கையெழுத்து இல்லாத கடுதாசி மாதிரி.

குடியானவன் கத்திகள்

நம் இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் மூன்று பெயர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. மூன்றும் சாதாரண ஆட்களின் கத்திகள்.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். அப்போது சுவிஸ் படைவீரர்களுக்கான கத்தியே சோலிங்கனிலிருந்துதான் வந்தது. அதை நம் ஊரிலேயே செய்வோம் என்று சக தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்த்தார். 1891இல் முதல் கத்திகளைப் படைக்குக் கொடுத்தார். ஜெர்மன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மற்றவர்கள் விலகிக்கொள்ள, எல்செனர் கடனில் மூழ்கினார். 1897இல் பதிவுசெய்த ‘அதிகாரிகள் கத்தி’தான் அவரைக் கரையேற்றியது. தாய் விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத எஃகுக்கான பிரெஞ்சுச் சுருக்கமான ‘இனாக்ஸ்’ என்பதும் சேர்ந்து பிற்பாடு ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் கத்தி கொண்டுபோக முடியாமல் போக, விற்பனை சரிந்தது. அப்போதும் அந்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்யவில்லை. சில தொழிலாளர்களைப் பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பிச் சமாளித்தது. ஒரு பெயர் தன்னிடம் வாங்குகிறவருக்கு மட்டுமில்லாமல் செய்கிறவருக்கும் பொறுப்பேற்பது என்றால் இப்படித்தான் இருக்கும்.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல், பதினெட்டு வயதில், சுற்றியிருந்த குடியானவர்களுக்காக ஒரு கத்தி செய்தார். ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி, ஓர் உலோக வளையம். அவ்வளவுதான். 1897இல் 1 முதல் 12 வரை அளவு எண் கொடுத்தார். 1909இல் கிரீடம் சூடிய கை முத்திரையானது. 1955இல் அலகைப் பூட்டும் சுழல்வளையம் சேர்ந்தது. அதற்குப் பிறகு பெரிதாக எதையும் மாற்றவில்லை.

ஜப்பானின் மிக்கி நகரத்து ‘ஹிகோனோகாமி’ 1890களில் வந்தது. மடித்த தகட்டுப் பிடிக்குள் ஓர் அலகு, திறக்க ஒரு சின்ன நெம்புகோல். பூட்டுக்கூடக் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி இது. 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையிலேயே ஓர் இளைஞனின் வாளுக்குப் பலியானார். அதற்குப் பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்ற இயக்கம் வலுத்தது. ஒவ்வொன்றாகப் பட்டறைகள் மூடின. இன்று அந்தப் பெயரை முறையாகப் பயன்படுத்த உரிமையுள்ள பட்டறை ஒன்றே ஒன்றுதான், நாகாவோ குடும்பத்துடையது.

மாடு மேய்ப்பவன், சிப்பாய், மலைக்குடியானவன், பள்ளிப் பிள்ளை. ‘பாரம்பரிய பிராண்டு’ என்று நாம் பணம் கொடுத்து வாங்குவது இவர்களுடைய கத்திகளைத்தான். அப்படியென்றால் நம் பக்கத்துக் குடியானவன் கத்தி என்ன ஆனது?

பதிவேட்டில் இருப்பது வாங்கியவர் பெயர்

தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரே பிராண்டான ஓர் ஆயுதம் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவா. சினிமாவும் பாட்டும் அதைச் சண்டைக்கான பொருளாகவே காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டன. கதிர் அறுக்க, கருவேலம் வெட்ட, இளநீர் சீவ என்று அங்கே அடிக்கும் கருவிகளைப் பற்றி யாரும் வசனம் எழுதவில்லை. 2021இல் தமிழ்நாட்டில் வெட்டுக்குத்துகள் பெருகியபோது, அருவா செய்யும் பட்டறைகளில் வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும் எழுதிவைக்கும்படி காவல்துறை சொன்னது. ஷெஃபீல்டில் செய்தவர் பெயரைப் பதிவுசெய்தார்கள். நம்மிடம் வாங்கியவர் பெயரைப் பதிவுசெய்யச் சொன்னார்கள். இரண்டுமே பொறுப்பைத் தேடும் வழிகள்தான். ஆனால் ஒன்று கத்தியை ஒரு தொழிலாகப் பார்க்கிறது, மற்றது ஒரு குற்றத்தின் முன்னுரையாகப் பார்க்கிறது. நூற்றாண்டுக்கணக்கில் அடித்தும் ஒரு பட்டறையின் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போனதில் இந்தப் பார்வைக்கும் பங்கு இருக்கிறது.

இனி இங்கே வருகிறேன். ஜுரு இருக்கும் செபராங் பிறை, அன்றைய வெல்லெஸ்லி மாநிலம், மலாயாவில் தமிழ்க் கூலிகள் மிக ஆரம்பத்திலேயே வந்திறங்கிய நிலங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்பு. கையில் பாராங். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. கையில் உளி.

பால் வெட்டும் கத்தியை எங்கள் தோட்டத்தில் உளி என்றுதான் சொல்வார்கள். மலாயா ரப்பரின் வரலாற்றை விதைகளிலிருந்து சொல்வது வழக்கம். 1876இல் விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள், 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் என்று. கத்தியிலிருந்தும் சொல்லலாம். பிரேசில் காடுகளில் சிறு கோடாலியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி 1890களில் வேறு வழி காட்டினார். ஒரே கீறலின் விளிம்பைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவினால் பால் வந்துகொண்டே இருக்கும், மரமும் பிழைக்கும். ஒரு மரம் இருபது முப்பது வருடம் பால் கொடுப்பது இதனால்தான். கோடாலி போய்க் கத்தி வந்ததால்தான் ரப்பர் ஒரு தோட்டத் தொழிலானது. அந்தக் கத்தியைப் பிடிக்கத்தான் நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றினார்கள்.

வேலையின் நுணுக்கம் மில்லிமீட்டரில் இருக்கிறது. பால்குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தின் உயிர்ப்படலத்தை ஒட்டி நெருக்கமாக இருக்கும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகப் போய்ப் படலத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்டவே முடியாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும். குழாய்கள் சற்றுச் சாய்ந்து போவதால் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக இறங்க வேண்டும். இதை விடியுமுன் இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்கும் மேல் செய்ய வேண்டும். அரசாங்கக் கணக்கிலும் தோட்டக் கணக்கிலும் இதற்குப் பெயர் கூலி வேலை.

உளிகளுக்குப் பெயர் உண்டு. மலாயாவில் அதிகம் புழங்கியது ‘ஜெபோங்’. இலங்கையிலும் கேரளத்திலும் ‘மிச்சி கோலெட்ஜ்’. இரண்டு ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் சேர்ந்த கத்தி அது. அதைப் பிடித்தவர்களின் பெயர் எந்த வகைக்கும் வைக்கப்படவில்லை.

என் பாட்டியின் உளி எங்கள் வீட்டில் இருக்கிறது. அலகில் ஏதாவது முத்திரை இருந்திருந்தால் தீட்டித் தீட்டி எப்போதோ போயிருக்கும். பிடியில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றியிருக்கிறார். அதன் அடியில் இரண்டு குறுக்குக் கீறல். பெரட்டுக்களத்தில் நாற்பது உளி ஒன்றுபோல இருக்கும்போது தன்னுடையதைக் கண்டுபிடிக்க அவர் போட்டுக்கொண்ட அடையாளம் அது. இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தீட்டுவார். “நாளைக்கு வெட்டுறது இன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுருச்சுடா” என்பார். எங்களுக்குப் பழக்கும்போது சொன்னது: “தோலத்தான் சீவணும். எலும்பத் தொடாத, மரத்துக்கும் நோவும்.” செய்தவரின் முத்திரை தேய்ந்துபோன கத்தியில் பயன்படுத்தியவரின் முத்திரை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1970களில் பிறையில் தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஜுரு ஆறு கறுத்து, கோலா ஜுரு மீனவர்களின் மீனும் கெராங்கும் செத்தன. சுற்றியிருந்த தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்தபோது எதையெதையோ மூட்டை கட்டினோம். உளியைப் பலர் எடுத்துவரவில்லை. இனி அதற்கு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவையும் சொன்னது வாங்காதே என்று சொல்வதற்காக இல்லை. நல்ல கத்தி வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் பெயரைக் கேட்கும்போது அந்தப் பெயர் எதற்குப் பொறுப்பேற்கிறது என்று சேர்த்துக் கேளுங்கள்.

எந்தப் பட்டறை, எந்த ஊர் என்று கத்தியில் இருக்கிறதா? எந்த எஃகு என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா? கெட்டுப்போனால் கழற்றிச் சரிசெய்ய முடியுமா, இல்லை தூக்கிப்போடத்தானா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் விலை இரண்டாம் பட்சம். பெட்டியில் ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருப்பது பதிலில் சேராது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜுருவில் உப்பும் ஈரமும் வருடம் முழுக்க. துருப்பிடிக்கும் கார்பன் எஃகு அலகு கூராகத் தீட்ட அருமையாக வரும், ஆனால் மாம்பழம் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் மறுநாளே கறுக்கும். ஒப்பினெல் வாங்குவதென்றால் முதல் கத்திக்குத் துருப்பிடிக்காத வகையையே எடுங்கள். 7ஆம் எண் கைக்கு அடக்கம், 8 சமையலுக்கும் ஆகும். மழைக்காலத்தில் அதன் மரப்பிடி ஊறி அலகு இறுகிக்கொள்ளும். அது குற்றம் இல்லை, மரத்தின் குணம். காயவைத்தால் சரியாகிவிடும். விக்டோரினாக்ஸ் எஃகு கொஞ்சம் மென்மையானது. அடிக்கடி தீட்ட வேண்டும், ஆனால் சுலபமாகத் தீட்டலாம். ஹிகோனோகாமி பூட்டு இல்லாதது, விரல் பழகும்வரை கவனம். ஆணிமூட்டில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாள்பட்டால் பிசின் மாதிரி ஆகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும்.

இன்னொன்று. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது இந்த நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் வாங்கும் கத்தி அந்த வேலை நடக்கும் இடத்தில் இருக்கட்டும். பாசார் மாலாமுக்கு அது வேண்டாம். தமிழ் இளைஞனின் பையில் இருக்கும் கத்தியை இங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வரியில் நான் அன்று சொன்ன பதில் இது: நூறு ரிங்கிட்டுக்கு உட்பட்ட ஒரு கத்தியை வாங்கு, மிச்சக் காசில் இரண்டு பக்கமும் உள்ள ஒரு தீட்டுக்கல் வாங்கு. கல்லை ஊறவை. சொரசொரப்பான பக்கத்தில் ஆரம்பி. அலகைப் பதினைந்து இருபது பாகை சாய்த்து, ஒரே கோணம் மாறாமல் இழு. விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம், பிறகு வழுவழுப்பான பக்கம். முதல் நாள் கோணம் தவறும். பத்து நாளில் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் எந்த பிராண்டு நல்லது என்று நீயே மற்றவர்களுக்குச் சொல்வாய்.